ஒரு மருந்து, இரு பெயர்கள்

கல்கத்தாவின் பவானிபூரில் வாழ்ந்த அசுதோஷ் முகர்ஜியின் முயற்சியால் 1914இல் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரி தோன்றியது. அதன் வேதியியல் கூடத்தில் பின்னாளில் ஆராயப்பட்ட பொருள்களுள் ஒன்று, குருதிக் குழாய்களைத் தளர்த்தும் ஒரு தாவர அல்கலாய்டு. அஜ்மலிசின் என்பது வேதியியலார் வழங்கும் பெயர். மருந்துத் துறையார் அதனையே ரௌபாசின் என்றனர். பொருள் ஒன்றாயினும் பெயர்கள் சுட்டும் மனிதர் வேறு.

சர்ப்பகந்தி வேரைப் பீகார் மக்கள் 'பாகல் கி தவா', அதாவது பித்து மருந்து, என்று நெடுங்காலம் அழைத்தனர். 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் அவ்வேர் மனநோயோடு உயர் குருதியழுத்தத்தையும் தணிப்பதாகக் கல்கத்தாவிலிருந்து எழுதினர். அதே ஆண்டில் தில்லித் திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திகி அவ்வேரின் அல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்து அறிவித்தார். தம்மை அப்பணிக்கு அழைத்து, 1927இல் மறைந்த ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரை அவற்றுட் சிலவற்றுக்குச் சூட்டினார். யுனானி மருத்துவர் ஒருவர் மூலக்கூற்றின் பெயருக்குள் குடிபுகுந்த அரிய நிகழ்ச்சி அது.

அஜ்மலிசினின் வேதியியலை அறிவியல் கல்லூரியில் விரிவாக ஆராய்ந்தவர் அசீமா சாட்டர்ஜி. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அறிவியல் முதுமுனைவர் பட்டம் பெற்ற முதற்பெண்மணி அவர் (1944).

ரௌபாசின் என்ற பெயரோ ரௌவோல்ஃபியா என்னும் பேரினப் பெயரின் முதற்கூற்றைத் தாங்கியது. லியோன்ஹார்ட் ரௌவோல்ஃப் பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர். மேற்காசியாவில் பயணம் செய்தவர், இந்தியாவுக்கு வந்தவரல்லர். பிரெஞ்சுத் தாவரவியலார் பிளூமியே அவர் நினைவாக அப்பெயரை இட்டது அமெரிக்கச் செடி ஒன்றுக்கு. சர்ப்பகந்தி பின்னரே அப்பேரினத்துள் சேர்க்கப்பட்டது. செடியைக் காணாதவர் பெயர் மருந்துப் புட்டியில் ஏறிய கதை இவ்வளவே.

அட்ரீனலின் போன்றவை குழாய்ச் சுவரின் தசையைச் சுருக்குவதற்குப் பற்றும் ஆல்பா ஏற்பிகளை அஜ்மலிசின் மறிக்கிறது. தசை தளர, குழாய் விரிந்து ஓட்டம் பெருகுகிறது. ஐரோப்பாவில் மூளையிலும் கைகால்களிலும் ஓட்டம் குன்றியவர்களுக்கு இது மாத்திரையாகவும் ஊசி மருந்தாகவும் தரப்பட்டது. இன்று அவ்வழக்கம் அங்குப் பெரிதும் அருகிவிட்டது.

இவ்வளவு மருந்துக்கு வேர் எங்கிருந்து வந்தது? சர்ப்பகந்தி காடுகளில் அருகிக்கொண்டிருந்தது. அதே அல்கலாய்டு நித்தியகல்யாணியின் வேரிலும் உண்டு. மடகாஸ்கரிலிருந்து வந்த அச்செடியை வங்காளி 'நயன்தாரா' என்று கண்மணியாக்கினான். தமிழன் 'சுடுகாட்டு மல்லி' என்றான். பெயரின் இழிவு பயிரைத் தடுக்கவில்லை. தென்தமிழகத்தின் மானாவாரி நிலங்களில் அது பயிரானது. இலை, புற்றுநோய் மருந்துகளான வின்பிளாஸ்டினுக்கும் வின்கிரிஸ்டினுக்குமாக அமெரிக்காவுக்கும் ஹங்கேரிக்கும் சென்றது. வேர், அஜ்மலிசினுக்காக ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் சென்றது.

உலர்ந்த வேரில் அஜ்மலிசினின் அளவு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆதலால் சிறிதளவு மருந்துக்கும் மூட்டை மூட்டையாக வேர் வேண்டும். இலையைப் பலமுறை கிள்ளலாம். வேரையோ ஒருமுறைதான் பிடுங்க இயலும். அதனால் பருவத்தின் கடைசி வேலை அதுவாகவே இருந்தது: செடியை வேரோடு பறித்து, மண் உதறி, கழுவி, வெயிலில் உலர்த்திக் கட்டுவது. அவ்வேலை செய்தவர் எவர் பெயரும் எந்த மூலக்கூற்றிலும் இல்லை.