மிஞ்சிப்போன 'ஏ' டிக்கெட்டுகள்

1955 ஜூலையில் கலிஃபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது வாசலில் பெரியவர்களுக்கு ஒரு டாலர் வாங்கினார்கள். அது உள்ளே நுழைய மட்டும். அதற்குப் பிறகு எதில் ஏறினாலும் தனிக் காசு: 10 சென்ட்டிலிருந்து 35 சென்ட் வரை. தொகை சின்னதுதான். ஆனால் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர் அரை மணிக்கொரு தரம் பர்ஸை எடுக்க வேண்டியிருந்தது. அப்படி எடுக்க எடுக்க, ஆகிற செலவைவிட அதிகமாக ஆவது போலத்தான் மனதுக்குப் படும். மூன்று மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் 11-ஆம் தேதி டிக்கெட் புத்தகம் வந்துவிட்டது. நுழைவும் எட்டு சவாரிகளும் சேர்த்துப் பெரியவர்களுக்கு 2.50 டாலர்.

இன்று லண்டன், பாரீஸ், நியூயார்க் என்று எங்கே போனாலும் விற்கிற சுற்றுலா பாஸின் குணம், குற்றம் எல்லாம் அந்தப் புத்தகத்திலேயே இருந்தன. அதனால் பாஸ் பிறந்த கதையை அங்கிருந்து தொடங்குவதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது.

புத்தகத்துக்குள் டிக்கெட்டுகள் ஏ, பி, சி என்று தரம் பிரிக்கப்பட்டிருந்தன. ஏ என்றால் மெயின் ஸ்ட்ரீட்டில் குதிரை இழுக்கும் டிராம் வண்டி, குடை ராட்டினம் மாதிரி சாதுவான சமாச்சாரங்கள். சி என்றால் ஜங்கிள் குரூஸ் போல எல்லோரும் அடித்துப்பிடித்துக்கொண்டு போகிறவை. அடுத்த வருஷம் டி சேர்ந்தது. 1959-இல் மேட்டர்ஹார்ன் மலைச் சறுக்கு, மோனோரயில், நீர்மூழ்கிப் பயணம் மூன்றும் ஒன்றாக வந்தபோது ஈ டிக்கெட் பிறந்தது. அது அமெரிக்கர் வாயில் எவ்வளவு புழங்கியது என்றால், 1983-இல் விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கப் பெண்ணான சாலி ரைட், ராக்கெட் கிளம்பிய அனுபவத்தை 'ஈ டிக்கெட்' சவாரி என்றுதான் சொன்னார்.

புத்தகத்தில் ஈ டிக்கெட் சிலதுதான் இருக்கும். அவை முதல் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஏ-யும் பி-யும் மிஞ்சும். குதிரை வண்டியில் எத்தனை தரம் போவது? மிஞ்சியதைப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப்போய் இழுப்பறையில் போட்டு வைத்தார்கள், அடுத்த முறை ஆகும் என்று. அடுத்த முறை போகும்போது புதுப் புத்தகம் வாங்கினார்கள். அமெரிக்காவில் பல வீடுகளில் வருஷக்கணக்காகக் கிடந்த அந்தப் பழைய ஏ டிக்கெட்டுகளை இப்போது சேகரிப்பவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

மொத்தமாகப் பணம் கட்டிவிட்டுப் பிறகு இஷ்டம்போல் அனுபவிப்பது டிஸ்னி கண்டுபிடித்ததல்ல. இங்கிலாந்தில் கேன்டர்பரி – விட்ஸ்டபிள் ரயில் பாதையில் 1834-லேயே சீசன் டிக்கெட் விற்றார்கள். கோடைக்காலம் முழுக்கக் கடற்கரைக்குப் போய்வர. தாமஸ் குக் 1868-இல் ஹோட்டல் கூப்பன்களைக் கொண்டுவந்தார். ஊரில் முன்பணம் கட்டி, வெளிநாட்டு ஹோட்டலில் சீட்டைக் கிழித்துக் கொடுத்தால் போதும். 1959-இல், ஈ டிக்கெட் வந்த அதே வருஷம், ஐரோப்பாவில் யூரெயில் பாஸ். இவை எல்லாவற்றிலும் ஒரே மாதிரிச் சரக்கு: ரயில் என்றால் ரயில், அறை என்றால் அறை. எல்லோரும் ஆசைப்படுவதையும் யாரும் கேட்காததையும் ஒரே அட்டைக்குள் கட்டி விற்ற இடத்தில்தான் டிஸ்னிலேண்ட் வேறு வழியில் போனது.

அப்படிக் கட்டி விற்பது ஹாலிவுட்டுக்குப் பழகிய வித்தை. பழைய படங்களைத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்றபோது, 'காஸாப்ளாங்கா' வேண்டும் என்று கேட்ட நிலையத்திடம் 'கொரில்லா மேன்', 'டியர் காஸ் ஸ்குவாட்' போன்றவற்றையும் சேர்த்துத்தான் தருவோம் என்றார்கள். விவகாரம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1962-இல் அது சட்டவிரோதம் என்று தீர்ப்பானது. பொருளாதார நிபுணர்கள் அங்கேதான் காதைத் தீட்டினார்கள். ஏன் இப்படிக் கட்டி விற்கிறார்கள் என்று ஜார்ஜ் ஸ்டிக்லர் 1963-இல் ஒரு குறிப்பு எழுதினார். வால்டர் ஓய் 1971-இல் டிஸ்னிலேண்டையே தலைப்பில் வைத்து ஒரு கட்டுரை எழுதினார்: வாசலில் அதிகம் வாங்கி சவாரியை மலிவாகத் தருவதா, வாசலைத் திறந்து விட்டு சவாரியில் வாங்குவதா? 1976-இல் வில்லியம் ஆடம்ஸும் ஒரு இளம் பேராசிரியையும் சேர்ந்து இந்தக் கட்டுச்சரக்குக் கணக்கை முழுசாகப் போட்டுக் காட்டினார்கள். அந்த இளம் பேராசிரியை பின்னாளில் அமெரிக்க மத்திய வங்கியின் தலைவரும் நிதியமைச்சரும் ஆன ஜேனட் யெல்லன்.

கணக்கு கடினமில்லை. இரண்டு பேர் ஒரு நகரத்துக்கு வருகிறார்கள் என்று வையுங்கள். முதலாமவருக்கு உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க ஆசை. கோபுரத்துக்கு 30 டாலர் வரை தருவார், மியூசியத்துக்கு 10-க்கு மேல் தரமாட்டார். இரண்டாமவர் நேர் எதிர். இரண்டு இடத்திலும் டிக்கெட் 30 என்று வைத்தால் ஆளுக்கு ஒன்று வாங்குவார்கள், வசூல் 60. 10 என்று இறக்கினால் நாலு டிக்கெட் போகும், வசூல் 40. இரண்டையும் ஒரே பாஸாக்கி 40 டாலர் என்று விற்றால் இருவரும் வாங்குவார்கள், வசூல் 80. இப்போது விளம்பரத்தைப் பாருங்கள்: தனித்தனியாக வாங்கினால் 60, எங்களிடம் 40, மூன்றில் ஒரு பங்கு மிச்சம்! பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பாஸ் என்று ஒன்று இல்லாதிருந்தால் இருவரும் ஆளுக்கு 30 டாலர் செலவோடு ஊர் திரும்பியிருப்பார்கள். மிச்சம் பிடித்ததாக நினைத்துக்கொண்டு ஆளுக்குப் பத்து டாலர் கூடுதலாகச் செலவழித்திருக்கிறார்கள். அந்தப் பத்துக்கு இன்னொரு இடத்தையும் பார்த்தார்கள் என்பதையும் மறுப்பதற்கில்லை.

டிஸ்னி தன் புத்தகத்தை 1982 ஜூனில் கைவிட்டது. டெக்ஸாஸில் 1961-இல் திறந்த சிக்ஸ் ஃப்ளாக்ஸும், கலிஃபோர்னியாவிலேயே 1971-இல் வந்த மேஜிக் மவுன்டனும் ஒரே கட்டணம், எவ்வளவு வேண்டுமானாலும் ஏறு என்று நடத்திக்காட்டிவிட்டன. அதன் பிறகு டிஸ்னியிலும் வாசலில் கட்டினால் உள்ளே எல்லாம் திறந்திருக்கும். கொஞ்ச காலம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2021-லிருந்து, கூட்டம் அதிகமுள்ள சவாரிகளில் வரிசையைத் தாண்டிப் போக மறுபடியும் தனியாகப் பணம் வாங்குகிறார்கள். ஈ டிக்கெட் பெயர் மாறித் திரும்பிவிட்டது.

ஒரு பூங்காவின் சவாரிகளுக்கெல்லாம் முதலாளி ஒருவர்தான். நகரத்தில் அப்படி இல்லை. கோபுரம் ஒருவருடையது, மியூசியம் அரசாங்கத்துடையது, படகு இன்னொருவருடையது. இவர்களை ஒரே அட்டைக்குள் கொண்டுவருவதே பெரும்பாடு. பாரீஸில் அது அரசு நிறுவனங்களை வைத்து நடந்தது. 1980-களின் கடைசியில் மியூசியங்களுக்கும் நினைவுச் சின்னங்களுக்கும் சேர்த்து ஒரு அட்டை வந்தது. இன்றைய பாரீஸ் மியூசியம் பாஸ் அதன் வாரிசு. அமெரிக்காவில் தனியார்தான். மைக் மோரி, மைக் கேலகர் என்ற இரண்டு மைக்குகள் 1997-இல் சிட்டிபாஸைத் தொடங்கினார்கள். முதலில் சான்ஃபிரான்சிஸ்கோவும் சியாட்டிலும். அலுவலகமோ பெருநகரம் எதிலும் இல்லை, ஐடஹோ மாநிலத்தில் விக்டர் என்ற சிற்றூரில்.

சிட்டிபாஸ் வெகுகாலம் கைக்கடக்கமான காகிதப் புத்தகமாகத்தான் இருந்தது. ஊரின் முக்கியமான சில இடங்கள் மட்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. சீட்டை நாமே கிழித்துவிட்டால் செல்லாது. புத்தகத்தோடு நீட்ட வேண்டும், வாசலில் இருப்பவர்தான் கிழிப்பார். அந்த விதிக்குக் காரணம் இருக்கிறது. கிழித்துக் கொடுக்கலாம் என்றால் கோபுரச் சீட்டை நான் வைத்துக்கொண்டு மியூசியச் சீட்டை உங்களுக்கு விற்றுவிடுவேனே. கட்டு பிரிந்தால் மேலே போட்ட கணக்கும் பிரிந்துவிடும்.

1999-இல் லண்டன் பாஸ் வந்தது. அது வேறு ஜாதி. நாள் கணக்கில் வாங்கவேண்டும். பல டஜன் இடங்கள், முடிந்தவரை பார்த்துக்கொள். நம் ஊர் அன்லிமிடெட் மீல்ஸ் போல. இலையில் போடுவதற்குக் கணக்கில்லை, ஆனால் வயிறு ஒன்றுதான். டவர் ஆஃப் லண்டனை ஒழுங்காகப் பார்த்தாலே அரை நாள் ஓடிவிடும். நகர எல்லையில் இருக்கிற ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்குப் போனால் அன்றைய பொழுது அதோடு சரி. பாஸ் நிறுவனம் பொதுவாக நாம் நுழைந்த இடங்களுக்கு மட்டுமே, பேசி வைத்த குறைந்த தொகையைக் கொடுக்கிறது. நாம் போகாத இடம் அதற்கு லாபம். இழுப்பறையில் கிடந்த ஏ டிக்கெட்டின் காசு யாரிடம் இருந்ததோ, அதே கதைதான்.

லண்டன் பாஸுக்கு இன்னொரு வேடிக்கை நேர்ந்தது. அது தொடங்கிய நேரத்தில் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம், சயின்ஸ் மியூசியம், விக்டோரியா – ஆல்பர்ட் மியூசியம் மூன்றிலும் கட்டணம் இருந்தது. 2001 டிசம்பரில் அரசாங்கம் தேசிய மியூசியங்களை எல்லோருக்கும் இலவசமாக்கிவிட்டது. பிரிட்டிஷ் மியூசியமும் நேஷனல் கேலரியும் ஏற்கெனவே இலவசம். ஆக, உலகின் தலைசிறந்த மியூசியங்கள் சிலவற்றை வைத்திருக்கும் ஊரில் அவை எதற்கும் பாஸ் வேண்டாம். இருந்தும் பாஸ் படுத்துவிடவில்லை. அரண்மனை, கோட்டை, படகு, சுற்றுலா பஸ் என்று கட்டணமுள்ளவற்றை வைத்து வளர்ந்தது; 2017-இல் பாஸ்டனைச் சேர்ந்த ஸ்மார்ட் டெஸ்டினேஷன்ஸோடு சேர்ந்து, 2021-இல் கோ சிட்டி என்று பெயர் மாறி, பல நகரங்களில் இப்போது கடை விரித்திருக்கிறது.

அப்படியானால் பாஸா, தனி டிக்கெட்டா? பாஸ் வாங்குகிறவர் தன் காலையும் பொழுதையும் பற்றி எப்போதும் கொஞ்சம் மிகையாகவே கணக்குப் போடுகிறார் என்பது என் எண்ணம். இதற்கு ஜிம்மிலிருந்து நல்ல சாட்சி உண்டு. ஸ்டெஃபனோ டெல்லாவின்யாவும் உல்ரிக்கே மால்மென்டியரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க ஜிம்களில் மாதச் சந்தா கட்டியவர்கள் ஒரு தரம் போய்வர 17 டாலருக்கு மேல் செலவழித்திருந்தார்கள். அதே ஜிம்மில் பத்து முறைக்கான சீட்டு எடுத்திருந்தால் ஒரு தரத்துக்கு 10 டாலர்தான். அது உள்ளூரில் இருக்கிற ஜிம். வெளியூரில், ஜெட் லாக் தூக்கத்தோடு, மழையில், குழந்தை பசிக்கிறது என்கிறபோது நாளொன்றுக்கு நாலு இடம் என்ற கணக்கு எங்கே நிற்கும்?

பாஸ் விலையைப் பார்ப்பதற்கு முன்பே, பாஸ் என்று ஒன்று இல்லாவிட்டாலும் போயிருப்போம் என்கிற இடங்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அவற்றின் தனி டிக்கெட்டுகளைக் கூட்டி, கூட்டுத்தொகை பாஸ் விலையைத் தாண்டினால் வாங்கலாம். அருமையாகத் தாண்டும் சந்தர்ப்பங்களும் உண்டு. மியூசியம் பைத்தியங்களுக்குப் பாரீஸ் அப்படிப்பட்ட ஊர். தாண்டாவிட்டால், பட்டியலில் இல்லாத மெழுகு பொம்மைக் கூடத்தை உள்ளே நுழைத்துக் கூட்டலைச் சரிக்கட்டக் கூடாது. நம் பட்டியலின் முதல் இடம் பாஸில் இருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் வீட்டுக்கு அந்த ஊர் பாஸ் செல்லாது. டிக்கெட் அவர்கள் இணையதளத்தில் மட்டும். பாரீஸ் மியூசியம் பாஸில் ஐஃபல் கோபுரம் இல்லை. தானாகவே கூட்டம் வருகிற இடத்துக்கு இன்னொருவரோடு கட்டிக்கொள்ள வேண்டிய அவசியம் குறைவு.

அப்புறம் கிழமை. பாரீஸ் மியூசியம் பாஸ் முதல் வாசலில் நுழைந்த நிமிஷத்திலிருந்து மணிக்கணக்கில் ஓடும். குறைந்தது 48 மணி. திங்கட்கிழமை காலையில் அதைத் தொடங்குகிறவர் பாவம். திங்களன்று ஓர்சே மியூசியமும் வெர்சாய் அரண்மனையும் மூடல். செவ்வாயன்று லூவ்ர் மூடல். புதன்கிழமை தொடங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. லூவ்ருக்கு பாஸ் இருந்தாலும் நேரம் முன்பதிவு செய்தாக வேண்டும், அதனால் பாஸை வாங்குவதற்கு முன்பே அந்த நேரம் கிடைக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. பிள்ளைகளுக்கு பாஸ் தேடி அலையவேண்டாம். 18 வயதுக்குக் கீழ் யாராக இருந்தாலும், எந்த நாட்டிலிருந்து வந்தாலும் லூவ்ரில் இலவசம். அவர்கள் பெயருக்கும் நேரத்தை மட்டும் சேர்த்துப் பதிவு செய்துவிடுங்கள்.