எழுத்தறிவித்தல் பயிற்சி: கரிசல் வட்டாரம்

பிள்ளைகளுக்கு வாசிக்கவும் எழுதவும் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களை அந்த வேலைக்கு ஆயத்தப்படுத்தும் கல்வி. மணியாச்சி, கோவில்பட்டி, எட்டயபுரம், கயத்தாறு சூழ்ந்த மானாவாரிக் கரிசல் பூமிக்கு இது திண்ணைப் பள்ளி வழியாகவும், பாளையங்கோட்டை மிஷன் பள்ளிகள் வழியாகவும், பிற்பாடு அரசு வழியாகவும் வந்து சேர்ந்தது.

திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கென்று தனிப் பயிற்சி கிடையாது. சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னப் பிள்ளைகளின் விரலைப் பிடித்து மணலில் எழுதவைத்ததே பயிற்சி. மணலில் கை படிந்த பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். எழுதும்போதே எழுத்தின் பெயரை அனா, ஆவன்னா என்று உரக்கச் சொல்ல வேண்டும். விரலும் வாயும் காதும் சேர்ந்து படித்தன. பிழையாக எழுதினால் உள்ளங்கையால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம். ஓலையில் கீறிய பிழை அப்படி அழியாது.

இந்த மணல்தான் கடல் கடந்தது. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், 'மலபார்' பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். அக்கால ஆங்கிலேயர் தமிழரையும் மலபாரியர் என்றே எழுதினர். இல்லத்து ஆசிரியர்கள் இம்முறைக்கு இணங்காததால், ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். படைவீரர் ஒருவரின் மகனான அச்சிறுவன் மணலைப் பரப்பித் தன்னிலும் சிறியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து வெற்றியும் பெற்றான். பெல் 1796-இல் சென்னையிலிருந்து புறப்பட்டு, மறு ஆண்டு லண்டனில் வெளியிட்ட நூலால் இது 'மதராஸ் முறை' எனப் பரவியது. பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் இம்முறையை முதலில் கண்டவர் பெல்லா, அங்கே இதேபோல் பள்ளி நடத்திய ஜோசப் லங்காஸ்டரா என்று இங்கிலாந்தில் நெடுங்காலம் வழக்காடினார்கள். மணலை மட்டுமே தாம் எடுத்துக்கொண்டதாகப் பெல் எழுதினார். சட்டாம்பிள்ளை முறையும் திண்ணையிலிருந்தே போனது என்று கருதுவோர் உண்டு.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் கேட்ட கணக்கில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். இந்த எண்களைக் கொண்டு பழைய கல்வியின் பரப்பை மதிப்பிடுவதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. வாத்தியார் வருமானம் மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் இல்லை என்று 1826-இல் எழுதிய மன்றோ, ஆசிரியர்களைப் பயிற்றவும் திட்டம் வகுத்தார். 1827-இல் அவர் இறந்த பின் அது தேய்ந்தது.

தெற்கே, 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் மிஷன் பள்ளிகளை வளர்த்தார். தமிழில் 'பூமி சாஸ்திரம்' எழுதினார். 1840-களில் ஜி. யு. போப் சாயர்புரத்தில் செமினரி நடத்தினார். சார்லஸ் உட்டின் 1854-ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கைக்குப் பின், 1856-இல் சென்னையில் ஆசிரியர்களைப் பயிற்றும் அரசு 'நார்மல்' பள்ளி தோன்றியது. அதுவே பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி. 1876-இல் இருப்புப்பாதை வந்த பிறகு, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பாளையங்கோட்டைக்குப் படிக்க ரயிலில் போகிறவர்களுக்கு மணியாச்சி சந்திப்பே வழி.

1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ஆசிரியர்களே மறுபடி எழுதிப் பழக வேண்டியதாயிற்று. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் யானைத் தும்பிக்கை போய் இரட்டைச் சுழி வந்தது. ணா, றா, னா கால் பெற்றன. பிள்ளைக்கு நினைவுச் சுமை குறைந்தது உண்மை. ஆனாலும் அந்தத் தும்பிக்கையின் அழகைப் பழைய கரும்பலகைக் கையெழுத்தில் கண்டவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

1986-இல் தேசியக் கல்விக் கொள்கை வந்தது. தூத்துக்குடி தனி மாவட்டமானதும் அதே ஆண்டில்தான். அக்கொள்கையின் விளைவான மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இம்மாவட்டத்தில் கடற்கரை நகரத்தில் அமையாமல், கழுகுமலைக்கு அருகில் கரிசலுக்குள் இருக்கும் வானரமுட்டியில் அமைந்தது. இங்கே பயிற்சிபெறுவோருக்கு இந்த மண்ணே ஒரு பாடம். வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. அந்தப் பிள்ளைக்கு எழுத்தோடு மொழியும் சேர்த்தே புதிது. தமிழே பேசும் பிள்ளையின் சொற்களும் பாடநூலில் இருப்பதில்லை. இடைசெவல் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி (1982) இந்த இடைவெளியில் ஆசிரியருக்கு உற்ற துணை.

2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், ஆந்திரத்து ரிஷிவேலி கிராமப் பள்ளிகளின் அட்டைகளையும் கற்றல் ஏணியையும் ஒட்டியது. 2007-இல் மாநிலம் முழுக்கப் பரவியது. ஆசிரியர் தரையில் பாயில் அமர்ந்தார். சுவரடியில் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. எழுதி, தடவி, மறுபடி எழுதலாம். இம்முறையால் வாசிப்புத் திறன் எவ்வளவு உயர்ந்தது என்பதில் கருத்துகள் வேறுபடுகின்றன.

2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைபிரித்துக் கற்பிக்கிறது. இதற்கு ஆசிரியர்களுக்குப் பருவந்தோறும் பயிற்சி தரப்படுகிறது.