கோவலன் பொட்டல் எழுப்பும் வினா

பசுமலையிலிருந்து மதுரை நகருக்குள் செல்லும் வழியில் பழங்காநத்தம் இருக்கிறது. அங்கே ஓரிடத்தைக் 'கோவலன் பொட்டல்' என்று மக்கள் வழங்கி வருகின்றனர். கோவலன் வெட்டுண்டு வீழ்ந்த இடம் அதுவே என்பது செவிவழிச் செய்தி. தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கு அகழாய்வும் நடத்தியுள்ளது. கோவலன் என்றொருவன் வாழ்ந்தானா என்பதை மண்வெட்டியால் மெய்ப்பிக்க இயலாது. ஆயினும், பொய்ப் புகாரொன்றினால் மாண்டவனுடைய பெயரை ஒரு திடலுக்குச் சூட்டி மக்கள் காத்து வருவது சிந்தனைக்குரியது.

சிலப்பதிகாரம் கூறும் நிகழ்ச்சியை நாம் அறிவோம். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன், கண்ணகியின் சிலம்பை விற்க வந்த கோவலனைக் காண்கிறான். தன் குற்றத்தை அந்த அயலூரான்மீது சுமத்த முடிவுசெய்து அரண்மனைக்கு விரைகிறான். ஊடல் கொண்டிருந்த தேவியைக் காணும் அவசரத்தில் இருந்த பாண்டியன், அவன் கையில் சிலம்பு இருந்தால் கொன்று அதைக் கொண்டுவருமாறு காவலருக்குப் பணிக்கிறான். கோவலனைப் பார்த்த காவலருள் சிலர், இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்குகின்றனர். பொற்கொல்லனோ கள்வரின் தந்திரங்களை விரித்துரைத்து அந்தத் தயக்கத்தைக் கலைக்கிறான். இறுதியில், குடித்திருந்த அறிவிலி ஒருவன் வாளை வீசுகிறான்.

கோவலனைக் கொன்றவர் யார்? வாள் வீசியவனா, ஆணையிட்டவனா, பொய் சொன்னவனா? இளங்கோவடிகள் ஊழ்வினையையும் சேர்த்தே பேசுகிறார். ஆனால் பாண்டியன் ஊழின் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை. கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்தபோது, பொற்கொல்லன் தன்னை ஏமாற்றிவிட்டான் என்று கூறித் தப்பவுமில்லை. அவன் சொல்லை ஆராயாது ஏற்ற தானே கள்வன் என்று தனக்குத் தீர்ப்பளித்துக்கொண்டு உயிர்நீத்தான்.

காப்பியத்தின் 'உரைபெறு கட்டுரை' மற்றொரு செய்தியையும் தருகிறது. பாண்டிய நாட்டில் மழை பொய்த்து நோய் பரவவே, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டானாம். பொய் சொன்னவன் ஒருவன். தண்டனையோ அவன் தொழிலைச் செய்தவர் அனைவருக்கும்! ஒருவனது குற்றத்தை ஓர் இனத்தின்மேல் சுமத்துவது நீதியன்று. அதுவும் கோவலனுக்கு இழைக்கப்பட்டது போன்ற கொடுமையே.

இது பழங்கதை என்று விட்டுவிட முடியவில்லை. 2017ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள், அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரக் காவலருக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியவன், தன் தந்தையைச் சுட்டுவிட்டதாகவும், குடும்பத்தாரைத் துப்பாக்கி முனையில் வைத்திருப்பதாகவும் கூறி, ஒரு முகவரியையும் தந்தான். அத்தனையும் பொய். பேசியவன் இருந்ததோ தொலைதூரத்து லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில். கணினி விளையாட்டில் ஒன்றரை டாலர் பந்தயம் குறித்து இருவருக்குள் எழுந்த சண்டையே இதற்குக் காரணம். குறித்த வீட்டைக் காவலர் சூழ்ந்தனர். அவ்விளையாட்டோடு எவ்விதத் தொடர்புமில்லாத 28 வயது இளைஞர் ஒருவர், என்ன நடக்கிறது என்று பார்க்கக் கதவைத் திறந்தார். சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பொய்யழைப்பு விடுத்தவனுக்கு 2019இல் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. சுட்ட காவலர்மீது வழக்குத் தொடரப்படவில்லை. இறந்தவரின் குடும்பத்துக்கு 50 லட்சம் டாலர் வழங்க நகராட்சி 2023இல் இசைந்தது. ஆக, வாளுக்குரியவர் பொறுப்பைப் பொதுப்பணம் ஏற்றது. பாண்டியன் தன்னைத்தானே கேட்டுக்கொண்ட கேள்விக்கு அங்கே விடை கிடைத்ததா?

நம் நாட்டுச் சட்டம் பொய்ச்சாட்சியை எளிதாக எண்ணவில்லை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், பொய்ச்சாட்சியினால் நிரபராதி ஒருவர் தூக்கிலிடப்பட்டால், அச்சாட்சி சொன்னவருக்கே மரணதண்டனை விதிக்கலாம் என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் இதைத் தொடர்கிறது. ஆனால், பிறருக்குத் தீங்கு நேரும்படி அரசு ஊழியரிடம் பொய்த் தகவல் தருவதற்கு அதன் 217ஆம் பிரிவு விதிக்கும் உச்ச தண்டனை ஓராண்டுச் சிறையும் பத்தாயிரம் ரூபாய் அபராதமுமே. நீதிமன்றத்தில் சொல்லும் பொய்யைச் சட்டம் அஞ்சிய அளவுக்கு, காவல் நிலையத்திற்கு அனுப்பும் பொய்யை அஞ்சவில்லை போலும். விச்சிட்டாவில் நிகழ்ந்தது போல, பின்னதும் உயிரைப் பறிக்கும்.

கேட்பவர் பொறுப்பை உணர்த்த நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2025 ஜூன் மாதம், திருப்புவனம் அருகே மடப்புரம் கோயிலில் காவலாளியாக இருந்த இளைஞர் ஒருவர், நகை காணாமற்போன புகாரில் விசாரிக்கப்பட்டபோது போலீசாரால் தாக்கப்பட்டு இறந்தார். காவலர்கள் கைதாயினர், வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. அப்புகார் மெய்யா பொய்யா என்பது நாம் தீர்ப்பிடும் காரியமன்று. ஆனால் புகார் முற்றிலும் மெய்யாகவே இருந்தாலும், அந்தச் சாவை அது நியாயப்படுத்தாது.

விவிலியத்தில் நாபோத்தின் வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. ஈசபேல் மடல் எழுதினாள். கயவர் இருவர் பொய் சொன்னார்கள். ஊர்ப் பெரியோர் வழக்கை நடத்தினர். நாபோத்து கல்லெறியுண்டு மாண்டார். ஆகாபு ஒரு கல்லையும் தொடவில்லை. ஆயினும் இறைவாக்கினர் எலியா திராட்சைத் தோட்டத்தில் அவனை எதிர்கொண்டு, கொலைக்கு அவனையே பொறுப்பாளியாக்கினார். பலர் சேர்ந்து செய்த கொலையில் பாவத்தைப் பங்கிட்டுக் குறைத்துக்கொள்ள முடியாது என்பதே இதன் பொருள். பொய் சொன்னவர் காவலரைக் காட்டித் தப்ப முடியாது. காவலர் பொய் சொன்னவரைக் காட்டித் தப்ப முடியாது.

பிறர் பெயரைக் கெடுத்தவர் பாவமன்னிப்புப் பெற்ற பின்னும் அத்தீங்கை ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் என்று அறநெறி இறையியல் கற்பிக்கிறது. கெட்ட பெயரைச் சீராக்க ஓரளவேனும் வழியுண்டு. போன உயிரை எதைக் கொண்டு ஈடுசெய்வது? அண்டை வீட்டாரோடு வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு என்றால் ஒன்றைப் பத்தாக்கிப் புகார் எழுதுவது நம் ஊர்களில் அரிதன்று. விளையாட்டாக 100ஐ அழைக்கும் பிள்ளைகளும் நம் வீடுகளில் உண்டு. கைப்பேசியைப் பிள்ளைகளிடம் கொடுக்கும் பெற்றோர், மறுமுனையில் அதை மெய்யென நம்பிப் புறப்படுகிறவர் ஆயுதத்தோடு வருகிறார் என்பதையும் சொல்லிக் கொடுக்கட்டும். காவல் பணியிலும் பஞ்சாயத்திலும் பங்கு நிர்வாகத்திலும் இருப்போர், ஒரு புகார் வந்ததும் எதிர்ப்பக்கத்தாரை அழைத்து ஒருமுறை கேட்கட்டும். கோவலனிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், சிலம்பின் இணை எங்கே என்று அவன் சொல்லியிருப்பான்.