‘மக்கு’ என்றொரு சொல்

யாழ்ப்பாணத்தில் நான் படித்த ஆரம்பப் பாடசாலையில் கடைசி வாங்கில் ஒருவன் இருந்தான். ஆசிரியர் அவனை ‘மக்கு’ என்றே அழைப்பார். மூன்றாம் வகுப்போடு அவன் படிப்பு நின்றது.

இங்கிலாந்தின் கல்வி வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அவன் நினைவு வரும். அங்கு 1944 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், சில பிள்ளைகளைக் கற்பிக்க இயலாதவர்கள் என ஒதுக்க இடமளித்தது. 1970 ஆம் ஆண்டின் சட்டமே அவர்களையும் கல்வித் துறையின் பொறுப்பாக்கியது. 1978 இல் மெய்யியலாளர் மேரி வார்னொக் தலைமையிலான குழு, ஐந்து பிள்ளைகளில் ஒருவருக்குப் பாடசாலைக் காலத்தில் எப்போதாவது விசேட உதவி தேவைப்படலாம் என்றது. குறைபாட்டின் பெயரை விடுத்துப் பிள்ளையின் தேவையைப் பாருங்கள் என்பதே அதன் சாரம். 1981 ஆம் ஆண்டின் சட்டம் அதனை ஏற்றது. 1994 இன் நடைமுறைக் கோவை, இப்பணியை ஒருங்கிணைக்கப் பாடசாலைதோறும் ஓர் ஆசிரியரை வேண்டியது.

லண்டனில் வாழும் எம்மவர் பிள்ளைகளுக்கும் இவ்வுரிமை உண்டு. ஆயினும், பாடசாலை அழைத்துப் பேசினால், “என் பிள்ளைக்கு ஒரு குறையுமில்லை” என மறுக்கும் பெற்றோரைக் கண்டிருக்கிறேன். ஊரில் கேட்ட பழைய சொல்லுக்கே அவர்கள் அஞ்சுகின்றனர் போலும்.

அந்த உதவியை மறுக்காதீர்கள். அருகிருந்து எழுத்துக் கூட்டிக்கொடுக்க என் வகுப்புத் தோழனுக்கு ஒருவரும் இருக்கவில்லை.