அசலும் உண்மையும்: 'ஓல்ட் நம்பர் ஒன்' பந்தயக் காரின் உடைமை வரலாறு

முன்னுரை

ஒரு பழம்பொருளின் அடையாளம் அதன் பாகங்களில் உள்ளதா, அதன் வரலாற்றுத் தொடர்ச்சியில் உள்ளதா என்னும் வினாவுக்கு 1990இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் விடைகாண வேண்டியிருந்தது. வழக்கிற்குரிய பொருள், 'ஓல்ட் நம்பர் ஒன்' எனப் பெயர்பெற்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் கார். அதன் வரலாற்றையும் அத்தீர்ப்பின் முக்கியத்துவத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பந்தயக் களத்தில்

பிரான்சின் லெ மான் நகரில் 1929இல் நடைபெற்ற 24 மணிநேரப் பந்தயத்தில் வுல்ஃப் பர்னாட்டோவும் டிம் பிர்கினும் இக்காரை ஓட்டி வென்றனர். மறு ஆண்டு கிளென் கிட்ஸ்டனுடன் இணைந்து பர்னாட்டோ இதே காரில் மீண்டும் வென்றார். பென்ட்லி நிறுவனத்திற்கு முதலீடு அளித்து அதன் தலைவராகவும் விளங்கியவர் அவர். 1931இல் நிறுவனம் நொடித்து ரோல்ஸ் ராய்ஸ் வசமான பின்னரும் கார் பந்தயத்தில் நீடித்தது. 1932இல் 8 லிட்டர் எஞ்சினுடன் புரூக்லண்ட்ஸ் 500 மைல் பந்தயத்தில் ஓடியபோது, சரிவான ஓடுதளத்தின் மேல்விளிம்பைக் கடந்து விழுந்தது. ஓட்டிய கிளைவ் டன்ஃபி உயிரிழந்தார். பின்னர் கார் சீரமைக்கப்பட்டு, வேறு மேற்கட்டுடன் சாலைக்கு வந்தது.

வழக்கும் தீர்ப்பும்

1990இல் காரின் அப்போதைய உரிமையாளர் அதனை 1 கோடி பவுண்டு விலைக்கு மிடில்பிரிட்ஜ் சிமிட்டர் நிறுவனத்திற்கு விற்க ஒப்பந்தம் செய்தார். இது உண்மையான 'ஓல்ட் நம்பர் ஒன்' அன்று எனக் கூறி நிறுவனம் வாங்க மறுத்தது. லெ மானில் வென்ற காரின் பாகங்களுள் மிகச் சிலவே எஞ்சியிருந்தமையால் அவ்வாதம் வலுவுடையதாகவே தோன்றியது.

நீதிபதி ஆட்டன் 'அசல்', 'உண்மையானது' என்னும் சொற்களை வேறுபடுத்தினார். கார் அசல் வடிவில் இல்லை. ஆயினும் அது அழிந்து மீண்டும் உருவாக்கப்பட்டதும் அன்று. மாற்றங்கள் அனைத்தும் ஒரே காரின் அறுபடாத வாழ்வில் நிகழ்ந்தவை. அப்பெயருக்கு உரிமை கோரத்தக்க வேறு காரும் இல்லை. எனவே அது உண்மையானதே எனத் தீர்ப்பு விற்பவருக்குச் சாதகமாக அமைந்தது.

முடிவுரை

பாகங்களை மட்டும் எண்ணினால் 1932ஆம் ஆண்டின் எஞ்சின் மாற்றம் ஓர் இழப்பு. வரலாற்று நோக்கில் அதுவே ஒரு சான்று. அம்மாற்றத்தை நீக்கி 1929ஆம் ஆண்டின் தோற்றத்தை மீட்க முனைந்தால், ஒரு மனிதரின் உயிரைப் பறித்த பந்தயத்தின் தடயமும் உடன் மறையும். பழம்பொருளின் தொன்மையை மதிப்பிடுவோர் அதன் மாற்றங்களையும் ஆவணமாகக் கொள்ள வேண்டும் என்பதே இவ்வழக்கு உணர்த்தும் முடிவாகும்.