நாற்பத்து மூன்று வயதில் ஒரு பெயர்

ஆட்டிசம் என்றதும் நம் வீடுகளில் ஒரு குழந்தைதான் நினைவுக்கு வரும். பேச்சு வராத மூன்று வயதுக் குழந்தை, ஸ்பீச் தெரபி, கவலையோடு காத்திருக்கும் அம்மா. கல்யாணமாகி, இங்கிலாந்தில் இஞ்சினியராக வேலை பார்க்கிற ஆள் "எனக்கும் ஆட்டிசம்" என்றால், "சும்மா இருப்பா, உனக்கா!" என்பார்கள். என்னிடம் சொன்னார்கள் :-)

மூன்று வருடம் முன்பு, நாற்பத்து மூன்று வயதில், எனக்கு அந்தப் பெயர் கிடைத்தது. என்னைப் போன்றவர்களை இத்தனை காலம் ஏன் யாரும் கவனிக்கவில்லை என்று தேடியபோது படித்த சரித்திரம் இது. வெளியூரில் குடும்பம் நடத்துகிற நமக்கு அதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது.

1943-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கேனர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். மறு வருடமே வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் நான்கு பையன்களைப் பற்றி எழுதினார். (நாஜி காலத்தில் இவர் குழந்தைகளைக் கொன்ற ஒரு மருத்துவமனைக்குச் சில குழந்தைகளை அனுப்பியவர் என்பது 2018-ல் வெளிவந்தது. அது தனிக் கதை.) இருவருமே குழந்தைகளுக்கான மருத்துவர்கள். அதனால் ஆட்டிசமும் குழந்தைகளின் சமாச்சாரம் ஆகிவிட்டது. 1980-ல் வந்த அமெரிக்க மனநலக் கையேடு அதற்கு வைத்த பெயரே "குழந்தைப்பருவ ஆட்டிசம்". முப்பது மாதத்துக்குள் தெரிய வேண்டும் என்றும் நிபந்தனை.

அந்தக் குழந்தைகள் வளர மாட்டார்களா என்ன? கேனரின் பட்டியலில் முதல் ஆள் டொனால்ட் டிரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். வளர்ந்து அந்த ஊர் வங்கியிலேயே வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், பல நாடுகள் சுற்றினார், 2023-ல் 89 வயதில் இறந்தார். அவர் எப்படிப்பட்டவர் என்று ஊருக்குத் தெரியும். அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

லண்டனில் லோர்னா விங் என்ற மனநல மருத்துவர் 1981-ல் ஆஸ்பெர்கரின் வேலையை ஆங்கிலத்தில் எடுத்து எழுதிய பிறகுதான், சரளமாகப் பேசுகிற, படித்த, வளர்ந்தவர்களுக்கும் இது இருக்கலாம் என்ற எண்ணம் பரவியது. விங்கின் மகளுக்கும் ஆட்டிசம். 2013-ல் வந்த கையேட்டில் எனக்கு ரொம்ப வேண்டிய ஒரு விஷயம் சேர்ந்தது. அறிகுறிகள் சின்ன வயதிலேயே இருக்கும், ஆனால் சமூகம் கேட்பது ஒருவரின் சக்திக்கு மேலே போகும் வரை முழுசாகத் தெரியாமல் போகலாம், கற்றுக்கொண்ட உத்திகளால் மறைந்தும் இருக்கலாம்.

இதைப் படித்தபோது எனக்கு மட்டாஞ்சேரிதான் புரிந்தது.

நான் வளர்ந்தது அங்கே. அப்பா பஜார் ரோட்டில் ஒரு மிளகு வியாபாரியிடம் கணக்கு எழுதினார். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், ஒரு பக்கம் கொங்கணி, இன்னொரு பக்கம் குஜராத்தி, கொஞ்சம் நடந்தால் யூதத் தெரு. ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொரு மரியாதை. எனக்கு அது கஷ்டமாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? இல்லை. ஏனென்றால் அங்கே விதிகளை வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள். "போறேன்னு சொல்லாதே, வரேன்னு சொல்லு." "பெரியவா பேசும்போது மூஞ்சியைப் பார்த்து நிக்காதே." "ஊணு கழிச்சோ என்று கேட்டால் கழிச்சு என்று சொல்லிட்டு நகரு." மனப்பாடம் செய்தால் போதும். நான் நல்ல பையன் என்று பெயர் வாங்கினேன்.

இங்கிலாந்தில் விதிகள் இருக்கின்றன, ஆனால் யாரும் சொல்ல மாட்டார்கள். "எப்படி இருக்கிறீர்கள்" என்பது கேள்வி இல்லை. "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்பதில் அந்த நாள் கிடையாது. இருபது வருடம் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து மாலையில் பிழிந்த துணி மாதிரி வீடு திரும்பினேன். சுற்றியிருந்தவர்கள் "வெளிநாட்டுக்காரர், அதான்" என்று விட்டார்கள். ஊருக்குப் போனால் "சீமைக்குப் போனவன், அதான்" என்றார்கள். இரண்டு பக்கமும் ஒரு சாக்கு கிடைத்துவிட்டது.

இங்கிலாந்தில் 2009-ல் ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. 2012-ல் அவர்களைப் பரிசோதிக்கும் வழிமுறையும் வந்தது. நம் நாட்டில் 1995-ன் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் கிடையாது. 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வந்தது, பிறகு 2016 சட்டத்தின் 21 வகைகளில் ஒன்றானது. சான்றிதழுக்கு 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோல் ஒன்றும் இருக்கிறது. 70-க்குக் கீழே மதிப்பெண் வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு.

நம்மவர்களுக்குச் சிக்கல் வருகிற இடம் ஒன்று உண்டு. பெரியவரைப் பரிசோதித்தாலும் குழந்தைப் பருவத்தைக் கேட்பார்கள், முடிந்தால் பெற்றவர்களிடமே. என் அம்மாவிடம் மட்டாஞ்சேரிக்கு போன் போட்டுக் கேட்டார்கள். நான் நடுவில் இருக்கக் கூடாது என்று மொழிபெயர்ப்பாளர் வைத்தார்கள். மற்ற பிள்ளைகளோடு விளையாடினானா? "சமத்து, யாரையும் தொந்தரவு பண்ண மாட்டான்." கண்ணைப் பார்த்துப் பேசினானா? "அதெல்லாம் மரியாதை இல்லையே!" நம் ஊரில் நல்ல பிள்ளைக்கு அடையாளமாக இருப்பது அங்கே அறிகுறி. அம்மா எதையும் மறைக்கவில்லை, பெருமையாகத்தான் சொன்னார். நல்ல வேளையாக மொழிபெயர்த்தவர் அந்த வித்தியாசத்தை மருத்துவருக்கு எடுத்துச் சொன்னார். பிறகுதான் மருத்துவர் வேறு மாதிரி கேட்டார், மூடையிலிருந்து சிந்திய மிளகை நான் மணிக்கணக்காக வரிசையில் அடுக்கிய கதையும் வெளியே வந்தது.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்களுக்கோ, துணைக்கோ, வளர்ந்த பிள்ளைக்கோ இந்தச் சந்தேகம் இருந்தால், ஊரில் பெற்றவர்கள் தெம்பாக இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். எப்போது பேசினான், எதற்கு அழுதான், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்தினான். "சமத்தா" என்று கேட்காதீர்கள், என்ன செய்தான் என்று கேளுங்கள். பரிசோதனைக்குப் போகும்போது, நம் வீட்டில் எது மரியாதை என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

அம்மாவுக்கு இன்னும் ஆட்டிசம் என்ற சொல் வாயில் வரவில்லை. ஆனால் இப்போதெல்லாம் போனில் பேசி முடித்ததும், "போதும்டா, வை, களைச்சுப் போயிருப்பே" என்று அவரே வைத்துவிடுகிறார்.