பிளசர்

சொந்த உபயோகத்துக்குரிய மோட்டார் வண்டி. சரக்கேற்றும் லாரியினின்றும் கட்டணத்துக்கு ஓடும் பஸ்ஸினின்றும் பிரித்துணர்த்த, உல்லாச யாத்திரைக்குரியது என்னும் கருத்தில் ஆங்கிலத்தில் வழங்கிய ‘பிளெஷர் கார்’ என்னும் தொடர், தன் பின்பாதியை இழந்து, தென்பாண்டிச் சீமையில் இவ்வாறு நிலைபெற்றது. அகராதிகள் ஆதரித்துப் போற்றத்தக்க அழகிய சொல். மடவார் வளாகத்து வைத்தியநாத சுவாமியைத் தரிசிக்க இராஜபாளையத்திலிருந்து குடும்ப சமேதராய் வருவோரின் வண்டி செவர்லேயாயினும் பிளிமத்தாயினும், முதியோர் வாக்கில் அது பிளசர்தான். சுவிட்சர்லாந்தில் பிறந்த பந்தய வீரர் லூயி செவர்லேயின் பெயரால் 1911இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் தோன்றி, 1928 முதல் ஜெனரல் மோட்டார்ஸின் பம்பாய்த் தொழிற்சாலையில் பாகங்கள் பூட்டப்பெற்று வெளிவந்த செவர்லே, நம் மண்பாதைகளுக்கு உகந்த வலிமை வாய்ந்ததாயினும், பெட்ரோலைத் தாராளமாகக் குடித்தமையால், இரண்டாம் உலக யுத்த காலத்துப் பங்கீட்டில் உரிமையாளர் பலருக்கு அதைக் கொட்டகையிலேயே நிறுத்திவைக்க நேர்ந்தது.